தேக்சா மேல் நின்ற அம்பாசிடர்

வேடசந்தூரில் ஒரு மில் தொழிலாளி வீட்டுக் கல்யாணம். பிரியாணி ஆக்க வேண்டிய தேக்சாக்கள் அங்கே போய்ச் சேர்ந்தபோது பந்தியில் கடைசி இலையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா சத்தம் போடவில்லை. மில் கேண்டீனில் சட்டி இரவல் வாங்கிச் சமையலை முடித்திருந்தார். ஆம்னி வேனிலிருந்து பதறிக்கொண்டு இறங்கிய உம்மு சல்மாவைப் பார்த்து, "வாங்கக்கா, சாப்டுட்டுப் போங்க. சட்டிய அப்படி ஓரமா எறக்கி வைங்க, பேரப்புள்ளைக்குக் காது குத்துறப்ப எடுத்துக்கிறோம்" என்றார்.

அவர் திட்டியிருந்தால்கூட உம்மு சல்மா தாங்கியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொன்னதுதான் திண்டுக்கல் வந்து சேரும்வரை முள்ளாகக் குத்தியது.

பேகம்பூரில் அவளுக்குப் பாத்திர வாடகைக் கடை. கரண்டி, வாளி, தட்டு எல்லாம் அவளுடைய ஆம்னியிலேயே போய்விடும். அவளே ஓட்டிப்போவாள். ஆனால் தேக்சா என்கிற அந்தப் பெரிய செம்புப் பாத்திரம், ஆள் உள்ளே இறங்கி நின்று தேய்க்கிற அளவுக்கு வாய் அகன்றது. அது ஆம்னிக்குள் நுழையாது. அதற்கு லோடு வண்டி சடையாண்டியைத்தான் நம்ப வேண்டும். சடையாண்டியோ, "இந்தா வந்துட்டேன்க்கா" என்று போனில் சொல்லும்போது நிலக்கோட்டையில் மல்லிகைப்பூ மூட்டை ஏற்றிக்கொண்டிருப்பான். பூ வாடிவிடும், தேக்சா வாடாது என்பது அவன் கணக்கு.

அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் பேச்செடுத்தாள்.

"நாமளே ஒரு லோடு வண்டி எடுத்துருவோம்ங்க. தவணையில."

ஜெகபர் அலி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தவணைன்னா வட்டி. வட்டி ஹராம். அந்தப் பேச்சே வேணாம்."

"அப்ப வட்டி இல்லாம ஒரு வண்டி வந்தா?"

"வந்தா வரட்டும். நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

"சொன்ன சொல்லு மாற மாட்டீங்களே?"

"ஜெகபர் அலி என்னைக்கு மாறியிருக்கான்?" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அந்த வாக்கை உம்மு சல்மா பத்திரமாக எடுத்து முடிந்துகொண்டாள்.

ஜெகபர் அலிக்குத் தோல் வியாபாரம். ஒரு காலத்தில் ஆம்பூருக்கும் ஈரோட்டுக்கும் தன் க்ரீம் கலர் அம்பாசிடரில்தான் போய்வந்தார். அது ஒருநாள் புகையைக் கக்கிக்கொண்டு நின்றது. வீட்டுப் பக்கச் சந்தில், முருங்கை மரத்தடியில் தள்ளி நிறுத்தி, நீலத் தார்ப்பாய் போட்டு மூடினார். "அடுத்த மாசம் எடுத்து ஓட்டணும்" என்றார். பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, வெளிநாடு போய்விட்டார்கள். அடுத்த மாதம் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்து வந்து சாப்பிட்டதும், முன்பக்கத் தார்ப்பாயை மட்டும் ஒதுக்கி, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்குவார். யார் விலைக்குக் கேட்டாலும், "ஓடுற வண்டிய யாராச்சும் விப்பாங்களா?" என்பார்.

கரூர் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பிராங்கிளினிடம் உம்மு சல்மா போனாள். அங்கே ஒரு டிராக்டர் டிரெய்லருக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதே மாதிரி சின்னதா ஒண்ணு, என் ஆம்னிக்குப் பின்னாடி மாட்டுற மாதிரி செஞ்சு குடுக்க முடியுமா?"

பிராங்கிளின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "ஆம்னி இழுக்குமாக்கா?"

"என் வீட்டுக்காரரையே நான் இம்புட்டு நாளா இழுக்கலையா?"

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. புதுச் சாமான் வாங்கக் கட்டுப்படியாகாது என்பதால் இருவரும் பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினார்கள். மூடிப்போன ஒரு நூல் மில்லின் மெஷின் ஸ்டாண்டு சட்டத்துக்கு ஆயிற்று. உடைத்த லாரியின் பலகை தளத்துக்கு ஆயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டில்களின் தலைமாட்டுக் கம்பிகள் பக்கத் தடுப்பாயின. எதை எடுத்தாலும் உம்மு சல்மா கையோடு கொண்டுபோன கரண்டியால் தட்டிப் பார்த்தே எடுத்தாள். பாத்திரக்காரிக்கு அதுதான் பழக்கம். சத்தம் நன்றாக வந்த இரும்பைத் தட்டிக் கொடுத்தாள், வராததைத் திட்டினாள்.

எல்லாம் சேர்ந்தபிறகு பிராங்கிளின் டீயை உறிஞ்சிக்கொண்டே தலையைச் சொறிந்தான்.

"அச்சுதான்க்கா இடிக்குது. ரெண்டு பக்கமும் சக்கரம் மாட்டி, கீழ வில்லுப்பட்டையோட ஒரு அச்சு வேணும். ஒரு அம்பாசிடரோட பின்னச்சு மாட்டுச்சுன்னா யானையவே ஏத்தலாம். ஆனா இப்ப எங்கக்கா அம்பாசிடர்? அம்புட்டையும் ஒடச்சு உருக்கிட்டானுங்க."

உம்மு சல்மா டீயை அடிமண்டி வரை குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்தாள்.

"பிராங்கிளின், உனக்கு வாயி இருக்கா?"

"என்னக்கா கேக்குறீங்க?"

"இருந்தா, கொஞ்ச நாளைக்கு அதை மூடி வச்சுக்கணும்."

ஜெகபர் அலி சரக்கு விஷயமாக ஆம்பூருக்கு ரயிலேறிய அன்று காலையே பிராங்கிளின் ஜாக்கியும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தான். தார்ப்பாயின் பின்பக்கத்தைத் தூக்கியவன் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தான்.

"பாய்க்குத் தெரிஞ்சா என்னக்கா ஆகுறது?"

"வண்டியையா எடுத்துட்டுப் போறோம்? வண்டி இங்கனயேதான நிக்கப்போகுது. உள்ள சும்மா கெடக்குற ஒரு இரும்பைத்தான எடுக்குறோம்."

துருப்பிடித்த போல்ட்டுகள் மண்ணெண்ணெய் குடித்துக்குடித்து மனம் இளகின. அச்சு கழன்று வந்தது. ஆனால் காரின் பின்பக்கத்தை எதன்மேல் நிறுத்துவது? செங்கல் அடுக்கினார்கள், சரிந்தது. உம்மு சல்மா உள்ளே போய், ஈயம் போய் வாடகைக்கு உதவாமல் கிடந்த பழைய சின்ன தேக்சாக்களை உருட்டிக்கொண்டு வந்தாள். கவிழ்த்துப்போட்டு, மேலே பலகை வைத்து, ஜாக்கியை இறக்கினார்கள். அம்பாசிடர் செம்புப் பீடத்தில் ஜம்மென்று உட்கார்ந்தது. பின்பக்கம்தான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

போகும்போது பிராங்கிளின் தயங்கினான். "டிரெய்லருக்குப் பின்னாடி ஒரு கதவு வேணுமேக்கா. செவப்பு லைட்டும் வேணும். அந்த டிக்கி மூடி..."

"ஆட்டை அறுத்தாச்சு. தலைக்கறிக்கு மட்டும் பாவம் பாத்து என்ன செய்ய? கழட்டு."

தார்ப்பாயை இழுத்து மூடி, கயிறு கட்டி, அதைச் சுற்றி அண்டாக்களை அடுக்கிவைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜெகபர் அலி சாப்பிட்டுவிட்டுக் காரில் ஏறி உட்கார்ந்தார். சற்று நேரத்தில் குரல் வந்தது.

"சல்மா, வண்டி முன்னாடி குனிஞ்சாப்புல இருக்கே?"

"மழை பேஞ்சதுல மண்ணு எறங்கியிருக்கும்."

"திண்டுக்கல்லுல மழையா? எப்ப?"

"நீங்க ஆம்பூர்ல இருந்தப்ப. நம்ம பக்கம் மட்டும் லேசா."

மழை பெய்ததென்று யாராவது சொன்னால் திண்டுக்கல்காரர்கள் சந்தேகப்படுவதில்லை, சந்தோஷப்படத்தான் செய்வார்கள். அவர் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். ஆனால் தூக்கத்தில் சீட்டிலிருந்து வழுக்கி வழுக்கி பிரேக் கட்டைவரை போய்விட்டார். உம்மு சல்மா ஒரு தலையணையைக் கொண்டுவந்து முழங்காலுக்கு அண்டை கொடுத்தாள். அரைத்தூக்கத்தில் மனைவியின் அன்பை நினைத்து அவருக்கு மனம் நிறைந்துபோனது. அவளுக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

டிரெய்லர் தயாராகி, பச்சைப் பெயிண்ட் அடித்து வீட்டு வாசலுக்கு வந்தபோது ஜெகபர் அலி இடுப்பில் கைவைத்து அதைச் சுற்றிச்சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார்.

"பிராங்கிளின், இது அம்பாசிடர் அச்சுல்ல?"

"அது... ஆமாங்க பாய். பழசு."

"பாத்தியா, நான் சொல்லல? இரும்புன்னா அதாம்ப்பா இரும்பு." பின்கதவைத் திறந்து மூடினார். காதைச் சாய்த்து மறுபடி மூடினார். "சத்தம்கூட நம்ம வண்டி மாதிரியே இருக்கு."

"எல்லா அம்பாசிடருக்கும் ஒரே சத்தம்தான பாய்" என்றான் பிராங்கிளின், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு.

ஜெகபர் அலி அந்த அச்சைத் தடவிக்கொடுத்தார். "யாரு வீட்டு வண்டியோ. எப்படித்தான் பிரிக்க மனசு வந்துச்சோ."

"பிரிச்சவளுக்கும் என்ன கஷ்டமோ" என்றாள் உம்மு சல்மா.

"பிரிச்சவளா?"

"பிரிச்சவங்களுக்கு. யாரோ எவரோ."

அவர் பிஸ்மில்லாஹ் சொல்லி டயரை ஒரு தட்டுத் தட்டிவைத்தார். டீக்கடையில் உட்கார்ந்து, வட்டியில்லாத வண்டி, தன் சம்சாரமே செய்தது என்று பெருமை பேசினார். அவர் பேசப்பேச உம்மு சல்மாவுக்கு உடம்பு கூசியது.

ஆனாலும் டிரெய்லர் நன்றாக ஓடியது. முன்னால் போகும்போது நாய்க்குட்டி மாதிரி வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. பின்னால் எடுக்கும்போது மட்டும் மாமியார் மாதிரி நடந்துகொண்டது. இவள் வலப்பக்கம் ஒடித்தால் அது இடப்பக்கம் போனது. நாகல் நகரில் ஒரு பரோட்டாக் கடைக்குள் பாதிவரை போய்விட்டு, கல்லிலிருந்து எழுந்த புகையோடு திரும்பி வந்தது. சடையாண்டி போன் செய்து, "என்னக்கா, லோடு ஏதும் இல்லையா?" என்று கேட்டான். "வாரேன்னு சொல்லிட்டு வராம இருக்கறதுக்கு ஆளு தேவைப்பட்டா கூப்புடுறேன் அப்பு" என்று வைத்துவிட்டாள்.

அப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சித்தையன்கோட்டையிலிருந்து நாச்சிமுத்து வந்தார். வெண்டையும் தென்னையும் போட்டிருக்கும் விவசாயி, ஜெகபர் அலிக்குப் பழைய சிநேகிதர். தாம்பூலத் தட்டில் பத்திரிகை வைத்து நீட்டினார்.

"எம் மக ஜீவிதாவுக்குக் கல்யாணம் பாய். ஊர்லயே மண்டபம். சமையலுக்கு அண்டா, குண்டா அம்புட்டும் தங்கச்சி கடையிலருந்துதான். இன்னொண்ணும் இருக்கு. கேக்கச் சங்கடமா இருக்கு."

"என்கிட்ட என்னய்யா சங்கடம்?"

"புள்ள அந்த வண்டியில ஏறி மண்டபத்துக்குப் போகணும்னு ஆசைப்படுது."

எந்த வண்டி என்று ஜெகபர் அலி கேட்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜீவிதா பிறந்ததே அந்த அம்பாசிடரின் பின்சீட்டில்தான். ஒரு மழைநாளில், வத்தலக்குண்டு பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த ஜெகபர் அலி, செம்பட்டி பஸ் ஸ்டாப்பில் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்த ஜக்கம்மாளையும் கைபிசைந்து நின்ற அவள் கணவர் நாச்சிமுத்துவையும் ஏற்றிக்கொண்டார். அதுவரை முன்பின் தெரியாதவர்கள். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறப்பதற்குள் பிள்ளை வந்துவிட்டது. அவ்வளவு நேரமும் ஜெகபர் அலி காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மழையில் நின்றார். ஜன்னல் வழியாகக் கையைவிட்டு, ஊர்ந்துபோன சரக்கு ரயிலைப் பார்த்து ஹாரன் அடித்தார். ரயிலுக்கு ஹாரன் அடித்து வழி கேட்ட ஆள் திண்டுக்கல்லில் அவர் ஒருவர்தான்.

"வண்டி வரும்" என்றார் ஜெகபர் அலி. "நானே ஓட்டிட்டு வாரேன். நாளைக்கே மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து காட்டுறேன்."

அடுப்படியில் கரண்டி விழுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் அவர் மெக்கானிக்கைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்ததும் உம்மு சல்மா குறுக்கே வந்தாள்.

"இப்ப வேணாம்ங்க. வண்டிக்குள்ள பூனை குட்டி போட்டிருக்கு. பின்சீட்டுல. இன்னும் கண்ணுகூட தொறக்கல."

பூனை என்றால் ஜெகபர் அலிக்கு மனம் உருகிவிடும். "அடடா. அப்ப கண்ணு தொறக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து தினமும் கொட்டாங்கச்சியில் பால் ஊற்றிக் காருக்கடியில் வைத்தார். பால் காலியாகிக்கொண்டே வந்தது. முதலில் ஓரிரு நாள் உம்மு சல்மாதான் மரத்துக்கு ஊற்றினாள். அப்புறம் தெருவிலிருந்து ஒரு சாம்பல் பூனை நிஜமாகவே வந்து குடிக்க ஆரம்பித்தது.

கிடைத்த அவகாசத்தில் அவள் பிராங்கிளினிடம் ஓடினாள்.

"அச்சைக் கழட்டித் திரும்ப மாட்டிரலாமா?"

"மாட்டலாம். ஆனா அதே கல்யாணத்துக்குச் சட்டி எதுல போகும்?"

அதுதான் சிக்கல். ஒரு அச்சு, இரண்டு வாக்கு. சடையாண்டியைக் கூப்பிட்டால் அந்த முகூர்த்த நாளில் பூவுக்கே வண்டி போதாது என்று சிரித்தான். பிராங்கிளின் கரூரிலிருந்து மதுரை வரை பழைய இரும்புக் கடைகளில் சொல்லிவைத்தான். ஒரு அம்பாசிடர் அச்சும் அகப்படவில்லை.

ஜெகபர் அலிக்குக் குட்டிகளைப் பார்க்கும் ஆசை பொறுக்கவில்லை. ஒரு காலைநேரம், மனைவி கடைக்குப் போனபிறகு, பால் கொட்டாங்கச்சியைப் பிடித்துக்கொண்டு, அடுக்கிவைத்த அண்டாக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி, கயிற்றை அவிழ்த்து, பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கினார்.

உம்மு சல்மா திரும்பி வந்தபோது தார்ப்பாய் தரையில் கிடந்தது. அம்பாசிடரின் பின்பக்கம் மூடியில்லாமல், விளக்கில்லாமல், சக்கரமில்லாமல், தேக்சாக்களின்மேல் நின்றுகொண்டிருந்தது. அதற்கு எதிரே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். பால் இன்னும் கையில் இருந்தது.

அவர் எழுந்துபோய் தேக்சாவை விரலால் தட்டினார்.

"இது நம்ம பழைய செட்டுதான?"

"ஆமா."

"பச்சை டிரெய்லர்ல ஓடுறது?"

தரையில் கிடந்த தார்ப்பாயை அவள் மடிக்க ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நான் தடவித்தடவிப் பாத்தேனே. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"பயமா இருந்துச்சு."

"எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. "மாட்டேன்."

"அதான் கேக்கல."

அவர் பாலைக் காருக்கடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அவர் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவர் நடந்துபோன விதத்தைப் பார்த்தபோது முதன்முறையாக அவளுக்கு அழுகை வந்தது. அவர் தூங்கிய இடம் வெறும் இரும்பு இல்லை என்பது அவளுக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துதான் செய்தாள். அதை நினைத்துத்தான் அழுதாள்.

அதற்குப்பிறகு அவர் அவளோடு பேசவில்லை. சாம்பல் பூனையோடுதான் பேசினார்.

"உங்க வீட்டம்மாகிட்ட சொல்லு, டீ ஆறிப்போச்சுன்னு."

"சுட வச்சுக் குடிக்கச் சொல்லு" என்று அவளும் பூனையிடமே சொன்னாள். "அடுப்பு எங்க இருக்குன்னு தெரியுமான்னும் கேளு."

பூனை இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இந்தக் குடும்பத்தில் பால் மட்டும்தான் உருப்படி என்று முடிவுசெய்தாற்போல் படுத்துக்கொண்டது.

ஆனால் கொடுத்த வாக்கு கொடுத்த வாக்குதான். நேரில் போய்ச் சொல்லிவிடுவதே மரியாதை என்று ஜெகபர் அலி கிளம்பினார். உம்மு சல்மா ஆம்னியை எடுத்து வாசலில் நிறுத்தினாள். அவர் முன்சீட்டில் ஏறாமல், பின்னால் வாளிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டார்.

நாச்சிமுத்துவின் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். காபி வந்தது. ஜெகபர் அலி தொண்டையைச் செருமினார்.

"நாச்சி, வண்டி வராது. பின்னச்சு இல்ல."

"அச்சு எங்க போச்சு?"

ஜெகபர் அலி சுழலும் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். மனைவியைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "துருப்பிடிச்சு..." என்று இழுத்தார்.

"துருவெல்லாம் இல்லண்ணே" என்றாள் உம்மு சல்மா. "நான்தான் கழட்டி டிரெய்லர் செஞ்சுட்டேன். இவருக்குத் தெரியாம. உங்க அண்டா வரப்போறதும் அதுலதான்."

நாச்சிமுத்துவுக்கு யார் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று தெரியவில்லை. காபியைக் குடித்தார். ஏற்கெனவே குடித்து முடித்த டம்ளர் அது. அப்போது ஜீவிதா சிரித்துவிட்டாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பொத்தாமலே.

"யம்மா, நான் பொறந்தது சீட்டுலயா, அச்சுலயா?"

"சீட்டுலதாண்டி" என்றாள் ஜக்கம்மாள். "கேக்குற கேள்வியப் பாரு."

"அப்ப சீட்டு வந்தா போதும். மாமா, சீட்டு இருக்குல்ல?"

"இருக்கு" என்றார் ஜெகபர் அலி. "பூனை முடியோட இருக்கு."

"அதைத் தூக்கி அந்த டிரெய்லர்ல போடுங்க. கீழ அச்சு, மேல சீட்டு. நான் பொறந்தப்பவும் அப்படித்தான இருந்துச்சு?"

ஜெகபர் அலி தாடியை நீவினார். மனக்கண்ணில் எதையோ அளந்து பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கினார்.

"ஹாரனும் வேணும்" என்றார்.

மறுநாளே அவர் பிராங்கிளினின் பட்டறையில் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சாதுவான மனிதர் என்று பிராங்கிளின் நினைத்திருந்தது தவறாகப் போயிற்று. இதைத் தேய், அதை நிமிர்த்து என்று பிழிந்தெடுத்தார். பின்சீட்டைச் சுத்தம் செய்து, நட்டுபோட்டுக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்தார்கள். அது போதாதென்று முன்பக்கக் கிரில்லைக் கழற்றினார். முகப்பு விளக்குகளைக் கழற்றினார். ஸ்டியரிங்கையே தண்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். டிரெய்லரின் முன்பக்கத்தில் அம்பாசிடரின் முகம் முளைத்தது. அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூலும் எதையும் திருப்பாத ஒரு ஸ்டியரிங்கும்.

உம்மு சல்மா வந்து பார்த்துத் திகைத்துப்போனாள். "அம்புட்டையும் பிடுங்கிட்டீங்களே."

அன்றுதான் அவர் பூனையில்லாமல் நேராக அவளிடம் பேசினார். "ஆட்டை அறுத்தது யாரு? நான் தலைக்கறிதான எடுக்குறேன்."

அவள் திரும்பிப் பிராங்கிளினைப் பார்த்தாள். பிராங்கிளின் கண்ணாடியை இறக்கிவிட்டு, எதுவும் பற்றவைக்க இல்லாத இடத்தில் பற்றவைக்க ஆரம்பித்தான்.

கல்யாணத்துக்கு முதல்நாளே அண்டாக்கள் போய் இறங்கிவிட்டன. காலையில் டிரெய்லரைக் கழுவித் துடைத்து, சீட்டைப் பொருத்தி, மேலே துணிப்பந்தல் கட்டி, நிலக்கோட்டை மல்லிகையைச் சரஞ்சரமாகத் தொங்கவிட்டார்கள். கோயிலிலிருந்து மண்டபத்துக்குப் பெண் அழைப்பு. ஜீவிதா பட்டுச்சேலையில் பின்சீட்டில் அமர்ந்தாள். பக்கத்தில் ஜக்கம்மாள் உட்கார்ந்து, சீட்டின் ஒரு மூலையைக் கையால் தொட்டுப் பார்த்து, "இங்கனதான்" என்று மகளிடம் மட்டும் சொன்னாள். உம்மு சல்மா ஆம்னியை ஓட்டினாள். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஜெகபர் அலி டிரெய்லரின் ஸ்டியரிங்கைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

நாதஸ்வரம் முன்னே போனது. தெருவில் சனம் கூடிவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஜெகபர் அலி ஸ்டியரிங்கை முழுமூச்சாக ஒடித்தார். காதில் போனை மாட்டிக்கொண்டு முன்னால் போகிறவளுக்கு உத்தரவும் போட்டார்.

"லெப்ட்ல ஒடி, லெப்ட்ல ஒடி."

"ஒடிச்சு முடிச்சாச்சு. நீங்க நேரா வைங்க."

"ஆடு வருது பாரு."

"ஆட்டுக்கு நீங்க ஹாரன் அடிங்க. உங்களுக்கு வேற என்ன வேலை?"

அவர் அடித்தார். அந்தப் பழைய கனத்த ஹாரன் சத்தத்தில் ஆடு மட்டுமில்லை, தவில்காரரே ஒதுங்கிவிட்டார்.

மண்டபத்து வாசலில்தான் சோதனை வந்தது. பெண் இறங்குவதற்கு டிரெய்லரைப் பின்னால் எடுத்து, வாழைமரம் கட்டிய வாசலுக்கு நேராக நிறுத்த வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் ஆரத்தித் தட்டோடு நின்றார்கள். உம்மு சல்மா கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ரிவர்ஸ் கியரைப் போட்டாள்.

"ரைட்ல எடு" என்றார் ஜெகபர் அலி.

"உங்க ரைட்டா, என் ரைட்டா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே ரைட்டுதானம்மா."

இல்லை என்று டிரெய்லர் காட்டியது. அது தன் விருப்பப்படி ஒரு அரைவட்டம் அடித்துப் பின்கதவால் வாழைமரத்தை மெதுவாக ஒரு முட்டு முட்டியது. கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து மரம் யோசித்து யோசித்துச் சாய்ந்தது. குலை பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு ஜீவிதாவின் மடியில் வந்து அமர்ந்தது. வாழையிலைகள் ஜெகபர் அலியின் தலையை மூடின. உள்ளேயிருந்து ஹாரன் மட்டும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கை அதன்மேல் மாட்டிக்கொண்டுவிட்டது.

மாப்பிள்ளையின் அத்தை ஆரத்தித் தட்டோடு அப்படியே நின்றாள். நாச்சிமுத்து தலையில் கைவைத்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் குடிக்காமல் இருந்த ஜீவிதா மட்டும் குலையைப் புரட்டிப் பார்த்து, பழுத்திருந்த ஒரு பழத்தைப் பிய்த்து, உரித்துச் சாப்பிட்டாள். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை சிரித்தான். அவன் சிரித்ததும் எல்லாரும் சிரிக்கலாம் என்றாகிவிட்டது.

இலைகளை விலக்கிக்கொண்டு வெளியே வந்த ஜெகபர் அலி, ஆம்னியிலிருந்து இறங்கி ஓடிவந்த மனைவியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நல்லாத்தான் நிறுத்தியிருக்க" என்றார். "வாசலுக்கு நேராத்தான் இருக்கு. மரம்தான் தள்ளி நின்னிருக்கணும்."

அதைக் கேட்டு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதற்காகத் துடைத்தாள் என்று அவர் கேட்கவில்லை.

பந்தி முடிவதற்குள் ஜீவிதாவின் தம்பி அஜித் எடுத்த வீடியோ செல்போன் செல்போனாகப் போய்விட்டது. காலியான பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குக் கிளம்பியபோது ஜெகபர் அலி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். செம்பட்டி வருவதற்குள், "கியரை மாத்து, வண்டி அழுவுது" என்று நாலுமுறை சொல்லிவிட்டார். அப்போது அவருடைய போன் அடித்தது. நிலக்கோட்டையிலிருந்து ஒரு பூ வியாபாரி. மகள் கல்யாணத்துக்கு அந்த அம்பாசிடர் தேர் வேண்டுமாம்.

"தாராளமா" என்று தேதியையும் ஒப்புக்கொண்டு போனை வைத்தார்.

உம்மு சல்மா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். "அன்னைக்கு ஒட்டன்சத்திரத்துக்கு தேக்சா போகுது. வாக்குக் குடுத்துட்டேன்."

"நானும்தான் குடுத்துட்டேன்."

"டிரெய்லர் என்னுது."

"அச்சு யாருது?"

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. இருவரும் கண்டுகொள்ளவில்லை. சீட்டு யாருடையது, பலகை யாருடையது, கரண்டியால் தட்டித்தட்டிச் சேர்த்தது யார், பூனைக்கு இத்தனை நாள் பால் ஊற்றியது யார் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது: இன்னொரு டிரெய்லர். இருவரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள்.

சித்தையன்கோட்டை மண்டபத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்த பிராங்கிளினின் போனில் மாறிமாறி இரண்டு பெயர்கள் மின்னின. அவன் இரண்டையும் பார்த்தான். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பரிமாறுகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, இலையில் இன்னும் கொஞ்சம் பாயசம் ஊற்றச் சொன்னான்.